ரியோகானில் ஓர் இரவு: கியோட்டோவா, ஹகோனேயா, கினோசாகியா, கோயாசானா?

ஜப்பான் பயணத்துக்குத் திட்டம் போடுகிற பலர் எல்லா இரவுகளையும் சாதாரண ஓட்டலில் கழித்துவிட்டு ஒரே ஓர் இரவை மட்டும் ரியோகானுக்கு ஒதுக்குகிறார்கள். பாய் விரித்த அறை, வெந்நீர் ஊற்றுக் குளியல், விடுதியிலேயே இரவுச் சாப்பாடு என்று இருக்கும் பழைய பாணி விடுதி அது. செலவை நினைத்தால் ஓர் இரவு போதும் என்பது சரியான முடிவுதான். ஆனால் அந்த இரவை எங்கே வைப்பது என்று யோசிக்காமல், ஏற்கெனவே தங்கப்போகிற ஊரிலேயே, பெரும்பாலும் கியோட்டோவிலேயே புக் செய்துவிடுகிறார்கள். அங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. கியோட்டோ, ஹகோனே, கினோசாகி, கோயாசான், ஷிரகாவாகோ என்று ஐந்து இடங்களை எடுத்துக்கொண்டு யாருக்கு எது பொருந்தும் என்று பார்க்கலாம். என் ஓட்டு கினோசாகிக்கு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட வருகிறவர்கள் சுத்த சைவம் என்றால் மட்டும் கோயாசான், அதில் இரண்டாவது பேச்சே இல்லை.

ரியோகானில் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது முதலில் புரிய வேண்டும். ஓட்டலில் அறைக்கு வாடகை. இங்கே தலைக்குக் கட்டணம், அதில் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்தி. நடுத்தரமான இடத்தில் தலைக்கு 15,000 முதல் 30,000 யென் வரை ஆகும்; ஒரு யென் ஐம்பத்தைந்து, அறுபது பைசா என்று வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கு ஓர் இரவுக்கு 16,500 ரூபாயிலிருந்து 36,000 ரூபாய். மதியம் 3 மணிக்கு உள்ளே விடுவார்கள், மறுநாள் காலை 10 மணிக்குக் காலி செய்ய வேண்டும். வந்ததும் டீயும் சின்னதாக ஓர் இனிப்பும், பிறகு அவர்கள் தரும் யுகாட்டா என்ற மெல்லிய பருத்தி அங்கிக்கு மாறிக்கொண்டு ஒரு குளியல், ஆறு ஆறரைக்குச் சாப்பாடு, நீங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் அறையில் மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு மெத்தை விரித்திருப்பார்கள், படுக்குமுன் இன்னொரு குளியல், விடிந்ததும் மறுபடி ஒன்று, அப்புறம் சோறு, சுட்ட மீன், மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்த சூப் என்று காலைச் சாப்பாடு. அந்தப் பத்தொன்பது மணி நேரத்தைத்தான் நாம் வாங்குகிறோம். பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு இரவு 8 மணிக்கு வந்து படுத்து, காலை 7 மணிக்கு ரயில் பிடிக்க ஓடுகிறவருக்கு உலகத்தின் மிகச்சிறந்த ரியோகானும் நஷ்டக் கணக்குதான். தாமதமாகப் போனால் சாப்பாடும் கிடைக்காமல் போகலாம், ஏனென்றால் ஒவ்வொரு பதார்த்தத்தையும் நேரம் பார்த்துச் சமைத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவருகிறார்கள், உங்களுக்காக அடுப்பை ஒன்பது மணி வரை வைத்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கணக்கில்தான் கியோட்டோ அடிபடுகிறது. பார்க்க அத்தனை கோயில்கள், தோட்டங்கள், சாயங்காலம் நடக்க கியோன் மாதிரிப் பழைய பேட்டைத் தெருக்கள் என்று இருக்கிற ஊரில் மதியம் மூன்று மணிக்கே அறைக்குள் போய் உட்கார யாருக்கு மனம் வரும்? வராது, அதனால் தாமதமாகத்தான் போவீர்கள், கொடுத்த காசில் பாதி வீண். நகரின் நடுவில் இருக்கும் விடுதிகளில் பெரும்பாலும் இயற்கை வெந்நீர் ஊற்றும் கிடையாது. குளியல் தொட்டி அழகான ஹினோக்கி மரத்தில் இருக்கலாம், தண்ணீர் சாதாரணத் தண்ணீர்தான். தவாராயா, 1818-இல் தொடங்கிய ஹீராகியா போன்ற பேர்பெற்ற இடங்கள் வேறு ரகம், உபசரிப்புக்கு அவர்களை மிஞ்ச ஆள் இல்லை, ஆனால் தலைக்கு 50,000 யென்னைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அந்த அளவுக்குக் கையில் இருந்து, அன்று வேறு எதையும் பார்க்கப் போவதில்லை என்று முடிவும் எடுத்திருந்தால் தாராளமாகப் போங்கள். இல்லையென்றால் கியோட்டோவில் ஓட்டல் போதும்.

ஹகோனேயின் பலம் தூரம். டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தில் ரொமான்ஸ்கார் ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஹகோனே-யுமோட்டோ. அங்கிருந்து 1919-இலிருந்து ஓடும் சின்ன மலை ரயில், சரிவு தாங்காத இடங்களில் முன்னும் பின்னுமாகத் திசை மாற்றி மாற்றி ஏறும், ரயில் பிரியர்கள் தவற விடக்கூடாது. மேலே ஓவாகுதானியில் கந்தகப் புகை, அங்கே வேகவைத்த கறுப்பு ஓட்டு முட்டை, கீழே ஆஷி ஏரி. வானம் தெளிவாக இருந்தால் ஃபூஜி மலை தெரியும், இல்லாவிட்டால் இல்லை, அதை நம்பிப் போகாதீர்கள்.

அறையிலேயே சொந்தமாகத் திறந்தவெளி வெந்நீர்த் தொட்டி உள்ள விடுதிகள் ஹகோனேயில் நிறைய. மற்றவர்கள் முன்னால் உடையில்லாமல் குளிக்கவே முடியாது என்று உறுதியாக இருப்பவர்களுக்கும் புதிதாகக் கல்யாணமானவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். விலை அதற்கேற்ற மாதிரி, அந்த வசதி வந்தாலே தலைக்கு 30,000, 40,000 என்று போகும். என் குறை வேறு. விடுதிகள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. இரவுச் சாப்பாடு முடிந்து வெளியே வந்தால் நடக்கத் தெரு என்று ஒன்று இருக்காது, வண்டி போகும் மலைப்பாதைதான் இருக்கும். விடுதி நன்றாக அமைந்தால் இரவு நன்றாக இருக்கும், சுமாராக அமைந்தால் அதை ஈடுகட்ட ஊர் கைகொடுக்காது. டோக்கியோ பக்கமே இருக்க வேண்டும், ஆனால் ஊரும் வேண்டும் என்றால் குன்மாவில் இருக்கும் குசாட்சு இன்னும் நல்லது. கொதிக்கிற ஊற்று நீர் மரக் கால்வாய்களில் ஆறிக்கொண்டே ஓடும் யுபதாகே ஊரின் நட்டநடுவில் இருக்கிறது, சுற்றிலும் நடக்கலாம். தண்ணீரில் அமிலத்தன்மை மிக அதிகம், வெள்ளி நகை கறுத்துவிடும், கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள். என்ன, டோக்கியோவிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாகப் போக ஹகோனேயைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்.

இப்போது கினோசாகி. ஹியோகோ மாகாணத்தின் வடக்குக் கடலோரப் பக்கம், கியோட்டோவிலிருந்து நேரடி எக்ஸ்பிரஸ் ரயிலில் இரண்டரை மணி நேரம், ஒசாகாவிலிருந்து இன்னும் கொஞ்சம் கூட. இந்தத் தூரம்தான் பலரைத் தயங்க வைக்கிறது. ஆனால் ஊரைப் பற்றி அங்கிருப்பவர்களே சொல்லும் ஒரு கணக்கு உண்டு: ரயில் நிலையம் வீட்டு வாசல், தெரு நடைக்கூடம், விடுதிகள் அறைகள், பொதுக் குளியல் கூடங்கள் குளியலறை, மொத்தத்தில் ஊரே ஒரு விடுதி. விளம்பரத்துக்குச் சொல்வது மாதிரி இருக்கும், போய்ப் பார்த்தால் அப்படியேதான் நடக்கிறது. ஊரில் ஏழு பொதுக் குளியல் கூடங்கள். எந்த விடுதியில் தங்கினாலும் ஏழுக்கும் போய்வர அனுமதிச் சீட்டு இலவசம், பல கூடங்கள் இரவு 11 மணி வரை திறந்திருக்கும். யுகாட்டாவும் மரச் செருப்பும் போட்டுக்கொண்டு வில்லோ மரங்கள் வரிசையாக நிற்கும் ஓதானி ஆற்றங்கரையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். தெரு முழுக்க எல்லோரும் அதே கோலத்தில் நடப்பதால் உங்களுக்கு ஒரு கூச்சமும் வராது. பாறையைக் குடைந்த குளியல் வேண்டுமென்றால் இச்சினோயு, காயம்பட்ட நாரை வந்து காலை நனைத்து ஆற்றிக்கொண்டது என்று கதை சொல்லும் இடம் கோனோயு.

நாரை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கினோசாகி அடங்கிய தொயோஓகா நகரில்தான் ஜப்பானின் காட்டு நாரை இனம் 1971-இல் கடைசியாக அழிந்தது. வயல்களில் பூச்சிக்கொல்லியைக் குறைத்து, கூண்டில் வளர்த்த பறவைகளை 2005-இலிருந்து திரும்பப் பறக்கவிட்டு, இப்போது வயல்வெளிகளில் அவை நிற்பதை ரயில் ஜன்னலிலிருந்தே பார்க்க வாய்ப்பு உண்டு. இந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு குளியல் கூடங்கள் ஊருக்குப் பொதுவாக இருப்பது தற்செயல் இல்லை. 1925 பூகம்பத்தில் ஊர் இடிந்து எரிந்துபோனது. திரும்பக் கட்டிய பிறகு, ஒரு விடுதி தன் கட்டடத்துக்குள்ளேயே ஊற்று நீரைக் கொண்டுவர முயன்றபோது ஊரே எதிர்த்தது, வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து 1950-இல்தான் சமரசம் ஆனது. ஊற்று எல்லோருக்கும் பொது, உள்ளே சின்னக் குளியல், பெரிய குளியல் வெளியே என்ற ஏற்பாடு அப்படி வந்ததுதான். பயணிக்கு இதில் கிடைக்கும் லாபம் பெரியது: மலிவான விடுதியில் தங்கினாலும் குளியல் அதே ஏழு கூடங்கள்தான். சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே சாப்பிட்டுச் செலவைப் பாதியாக்கினாலும் ஊரின் சுகத்தில் ஒன்றும் குறையாது. ஹகோனேயில் இது நடக்காது, அங்கே நீங்கள் எந்த விடுதிக்குப் பணம் கொடுத்தீர்களோ அந்தக் குளியல்தான் உங்களுக்கு. இன்னொன்று, பச்சை குத்தியவர்களைப் பல ஊர்களில் பொதுக் குளியலில் அனுமதிப்பதில்லை. கினோசாகியின் கூடங்களில் அந்தத் தடை இல்லை.

எப்போது போவது என்பதுதான் கினோசாகியில் யோசிக்க வேண்டியது. நவம்பர் 6 முதல் மார்ச் 20 வரை மட்சுபா நண்டுக் காலம். நண்டுக்காகவே ஜப்பானியர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், முழு நண்டு விருந்துள்ள அறை தலைக்கு 30,000 யென்னைத் தாண்டிப் போகும். நண்டு பிரியர் என்றால் வாழ்நாளில் ஒருமுறை அது சரி. இல்லையென்றால் ஏப்ரலிலோ ஜூனிலோ, சனிக்கிழமையைத் தவிர்த்து ஒரு வார நாளில் போங்கள், அதே அறை வெகுவாக இறங்கியிருக்கும், சாப்பாட்டில் நண்டுக்குப் பதில் தாஜிமா மாட்டிறைச்சி வரும், கோபே மாட்டிறைச்சி என்று உலகம் கொண்டாடுவது இந்தத் தாஜிமா மாட்டினத்திலிருந்து வருவதுதான். மழை பெய்தாலும் கவலைப்படாதீர்கள், விடுதியே குடை கொடுக்கும், நனைந்த தெருவில் மரச் செருப்புச் சத்தத்தோடு நடப்பது எனக்கு வெயில் நாளைவிடப் பிடித்திருந்தது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் விஷயத்துக்கு வருவோம். ரியோகான் சாப்பாட்டில் மீனையும் இறைச்சியையும் ஒதுக்கிவிட்டால் சைவம் ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். தாஷி என்ற சாறுதான் அந்தச் சமையலுக்கு அடித்தளம், அதைக் கடற்பாசியோடு உலர்ந்த கட்சுவோ மீன் சீவலைப் போட்டு இறக்குகிறார்கள், அது மிசோ சூப்பில் இருக்கும், வேகவைத்த காய்கறியில் இருக்கும், தொட்டுக்கொள்ளும் சாஸில் இருக்கும். சில விடுதிகள் முன்கூட்டிச் சொன்னால் மாற்றிச் செய்து தருகின்றன, பல விடுதிகள் முடியாது என்று நேர்மையாகச் சொல்லிவிடுகின்றன. அந்த நேர்மையை நாம் மதிக்க வேண்டும், கெஞ்சி வாங்கினால் சோறும் ஊறுகாயும்தான் வரும், காசு முழுசாகப் போகும்.

கோயாசானில் இந்தக் கவலையே இல்லை. வாக்காயாமா மாகாணத்தில் சுமார் 800 மீட்டர் உயரத்தில், 816-இல் கூக்காய் என்ற துறவி அடித்தளமிட்ட மடாலய ஊர் அது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் வெளியாட்களைத் தங்க வைக்கின்றன. சாப்பாடு ஷோஜின் ரியோரி, துறவிகளின் சமையல்: இறைச்சி, மீன், முட்டை இல்லை, பூண்டும் வெங்காயமும்கூட இல்லை, சாறு கடற்பாசியிலும் உலர்ந்த காளானிலும் இறக்கியது. எள்ளை அரைத்துக் கூழாக்கி இறுக்கிய கோமாதோஃபு, உறைய வைத்து உலர்த்தி மறுபடி சாற்றில் ஊற வைத்த கோயாதோஃபு, மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறித் தெம்புரா என்று சிவப்பு அரக்குத் தட்டுகளில் வரும். காரம் இருக்காது, அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள், ஊறுகாய்ப் பொட்டலத்தைத் திறக்காமல் ஒருவேளை சாப்பிட்டுப் பாருங்கள், அந்தக் கோமாதோஃபுவின் ருசி அப்போதுதான் பிடிபடும். கட்டணம் இரண்டு வேளைச் சாப்பாட்டோடு தலைக்கு ஏறக்குறைய 12,000 முதல் 20,000 யென்.

ஒசாகாவின் நாம்பா நிலையத்திலிருந்து ரயிலில் கோகுராகுபாஷி நிலையம், அங்கிருந்து கேபிள் கார், பிறகு பஸ். எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். காலை 6, 6:30-க்கு மந்திரம் ஓதும் வழிபாட்டில் நாமும் உட்காரலாம், கட்டாயம் இல்லை, ஆனால் அதற்கு எழுந்திருக்காமல் அங்கே தங்குவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. ஓகுனோயின் என்ற இடுகாட்டுப் பாதை இரண்டு கிலோமீட்டர், வானளாவிய தேவதாரு மரங்களுக்கு நடுவே இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கல்லறைகள், முடிவில் கூக்காய் இன்றும் தியானத்தில் இருப்பதாக நம்பப்படும் இடம். தினமும் காலையில் இரண்டு வேளை அவருக்கு உணவு கொண்டுபோகிறார்கள். இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை, காலையில் ஒருமுறை என்று இரண்டு தடவை நடக்கலாம், ஊரிலேயே தங்குவதன் பலன் அதுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறையும் குளியலும் பெரும்பாலும் பொது, அறைகளுக்கு நடுவே காகிதக் கதவு மட்டும் இருக்கலாம், பக்கத்து அறைக் குறட்டை கேட்கும், இரவு 9 மணிக்கெல்லாம் வாசலைச் சாத்திவிடும் கோயில்கள் உண்டு, குளிர்காலத்தில் நடைக்கூடம் பனிக்கட்டி மாதிரி இருக்கும். வெந்நீர் ஊற்றுக்காகப் போகிறவர்களுக்கு இது ஏற்ற ஊர் இல்லை, ஊற்று உள்ள கோயில் அபூர்வம்.

கடைசியாக ஷிரகாவாகோ, கிஃபு மாகாணத்து மலைக் கிராமம். அங்கே இருப்பது ரியோகான் இல்லை, மின்ஷுகு. ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே நடத்தும் விடுதி. 1995-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்தப் புல் வேய்ந்த செங்குத்துக் கூரை வீடுகளுக்குள்ளேயே தூங்கலாம் என்பதுதான் ஈர்ப்பு. நடுவில் கணப்பு, சுற்றி உட்கார்ந்து ஆற்று மீன், மலைக் கீரை, இலைமேல் சுட்ட மிசோ என்று வீட்டுச் சாப்பாடு. மெத்தையை நீங்களே விரிக்க வேண்டியிருக்கலாம், அறைக்குப் பூட்டு இருக்காது, யாரும் வந்து பணிவிடை செய்ய மாட்டார்கள். பகல் கூட்டம் பஸ்ஸில் திரும்பிப் போன பிறகு ஊர் தங்குகிறவர்களுக்கே சொந்தம். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நன்றாக இருக்கும். கைக்குழந்தை என்றால் வேண்டாம், அழுகை வீடு முழுக்கக் கேட்கும். வீடுகள் குறைவு, இடம் கிடைப்பதே கஷ்டம், பனிக்காலத்துக்கு மாதக்கணக்கில் முன்னதாக முயல வேண்டும்.

பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஊரை முடிவு செய்யுமுன் முழங்காலை யோசியுங்கள். தரையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் சாப்பிட வேண்டும், தரையிலிருந்து எழ வேண்டும், பழைய மர விடுதிகளில் லிஃப்ட் இருக்காது. கட்டிலும் பாயும் சேர்ந்த அறை, நாற்காலி மேசை போட்ட சாப்பாட்டுக் கூடம் என்று கேட்டு வாங்கலாம், ஹகோனேயில் இது எளிது, கினோசாகியில் தேடினால் கிடைக்கும், கோயாசானில் சில கோயில்களில் மட்டும். குளியல் கூச்சத்துக்கும் நடுவழி ஒன்று உண்டு: பல ரியோகான்களில் குடும்பத்துக்கென்று முக்கால் மணி நேரம் தனியாகத் தரும் சின்னக் குளியல் இருக்கிறது, சில இடங்களில் இலவசம். பொதுக் குளியலுக்குப் போனால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி, தொட்டியில் இறங்குமுன் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும், துண்டு தண்ணீரில் படக்கூடாது. பல விடுதிகளில் ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் காலையில் இடம் மாற்றிவிடுவார்கள், அதனால் வாசலில் தொங்கும் திரையை ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு நுழையுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். முந்தைய ஓட்டலின் வரவேற்பில் கொடுத்தால் கூரியரில் அடுத்த ஊர் ஓட்டலுக்குப் பெரும்பாலும் மறுநாளே போய்ச் சேரும், ஓர் இரவுக்கு ஒரு தோள்பை போதும், யுகாட்டா, துண்டு, பல் துலக்கி எல்லாம் ரியோகானிலேயே இருக்கும். தனியாகப் போகிறவர்களுக்கு ஒருவர் மட்டும் என்றால் அறை தராத விடுதிகள் இருக்கின்றன, வார நாளில் வாய்ப்பு அதிகம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை வரும் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் பண்டிகை, புத்தாண்டு ஆகிய மூன்றையும் தவிர்த்தால் விலையும் கூட்டமும் ஒருசேரக் குறையும். புக் செய்யும்போதே எத்தனை மணிக்கு வருவீர்கள், மீன் சாறுகூட ஆகாதா அல்லது மீன் துண்டு மட்டும்தான் ஆகாதா, கட்டில் வேண்டுமா என்ற மூன்றையும் எழுதி அனுப்பி, அவர்கள் முடியும் என்று பதில் எழுதிய பிறகே உறுதி செய்யுங்கள், ஏனென்றால் கடைசி நாளில் ரத்து செய்தால் 80 சதவீதமோ முழுத் தொகையுமோ கேட்பது அங்கே வழக்கம்.